பெயர் நம்முடையது, கம்பெனி யாருடையது?

வாலாஜாபாத் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு காலனியிலிருந்து சில வாரங்களுக்கு முன்பு ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். காஞ்சிபுரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கையில் பிரித்த தபால் உறை. "இன்னாண்ணா இது, ஒண்ணுமே புரியல. கோர்ட்டு நோட்டீஸா இருக்கும்னு எங்க நைனா ரெண்டு நாளா சோறு திங்கல" என்றார்.

கோர்ட்டு நோட்டீஸ் இல்லை. கம்பெனிகள் பதிவாளர் அனுப்பிய கடிதம். 'உங்கள் நிறுவனம் தொடர்ந்து ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவில்லை, அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று 30 நாளில் பதில் சொல்லுங்கள்' என்பது அதன் சாரம். நிறுவனத்தின் இயக்குநர் இந்தத் தம்பி. நிறுவனத்தின் பதிவு அலுவலகம் எங்கே என்று பார்த்தேன். அவருடைய அம்மா பெயரில் இருக்கும் தொகுப்பு வீடு! மழைக்கு ஒழுகும் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நான்கு வருடமாக இயங்கி வந்திருக்கிறது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

கேட்கக் கேட்கக் கதை வெளியே வந்தது. அப்போது இவர் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தார். "உன் பேர்ல ஒரு தொழில் தொடங்கலாம்டா, உங்க ஆளுங்களுக்கு மானியம் நிறைய இருக்கு, உனக்கும் ஒரு வழி பண்றேன்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆதார், பான் கார்டு, அம்மா பெயரில் வந்த கரண்ட் பில் ரசீது, நாலைந்து தாளில் கையெழுத்து. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பையன் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னானாம். போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்களை இவரே படித்துக் காட்டியிருக்கிறார். அந்தத் தீபாவளிக்கு வழக்கத்தைவிட 5,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. மறு வருடம் வேலை போனது.

முதலாளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஒருவர் பிரச்சினை இல்லை இது. நம் ஜனங்களுக்கும் பதிவேடுகளுக்கும் உள்ள பழைய கணக்கு.

கிராமத்தில் பதிவு என்றதும் நமக்குச் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். நிலம், வீடு, கல்யாணம் எல்லாம் அங்கே. கம்பெனிக்கு அது வேறு இடம். ஒன்றிய அரசின் கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் கீழ் வருபவர் கம்பெனிகள் பதிவாளர். காஞ்சிபுரத்துக்கு உரிய அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனில் இருக்கிறது. புதிய கம்பெனிக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் வேலை மட்டும் 2016 முதல் அரியானாவின் மானேசரில் உள்ள மையப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டது. எல்லாமே இணையவழி. விண்ணப்பிக்கிறவர் எந்த அதிகாரியின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தொழில் தொடங்குவது எளிதாக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நம் பையன் ஒருவன் அலுவலக வாசலில் சாதிப் பெயரோடு நின்று கூனிக் குறுக வேண்டிய தேவை அதில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் பார்க்காத கதவு வழியே அவன் நுழைவதைப்போலவே, அவன் பெயரை மாட்டிக்கொண்டு வேறொருவனும் நுழைந்துவிடுகிறான்.

பதிவாளர் எழுதுவது வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, அந்தச் சான்றிதழில் முத்திரை விழுந்த நாளில் சட்டத்தின் கண்ணில் ஒரு புதிய ஆள் பிறக்கிறான். அந்த ஆள் நிலம் வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். அவனுக்குக் கை கால் இல்லாததால் அவனுக்காகக் கையெழுத்துப் போட இயக்குநர்கள். ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையும் ஆண்டறிக்கையும் பதிவாளரிடம் தாக்கல் ஆக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், தாக்கலாகும் நாள்வரை. இரண்டு படிவம் ஒரு வருடம் நின்றால் 73,000 ரூபாய். லோடு ஆட்டோக்காரர் எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர், அடுத்த 5 ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனிக்கும் இயக்குநராக முடியாது என்கிறது பிரிவு 164. கம்பெனியின் பெயரை நீக்கினாலும் இயக்குநரின் பொறுப்பு போகாது என்கிறது பிரிவு 248.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. நம் மாவட்டத்துக் கல்வெட்டுதானே. பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் இடக் கூடாது, அவன் உறவினர் பெயரையும் இடக் கூடாது என்கிறது அது. பிரிவு 164 பேசுவதும் கிட்டத்தட்ட அதையேதான். நம் ஆட்கள் மேடைக்கு மேடை அதைச் சனநாயகத்தின் பெருமை என்று பேசுகிறார்கள். வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் விழும் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. அன்று பெயரையே சேர்க்கவில்லை. இன்று நம் பெயரைச் சேர்க்கிறார்கள், தேவைப்படும்போது.

இப்படிப் பினாமி இயக்குநராக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரிடமும் கணக்கில்லை. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு, 2017இல், ஒன்றிய அரசு 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 3 லட்சத்துக்கும் அதிகமான இயக்குநர்கள் தகுதி இழந்ததாக அறிவித்தது. ஓட்டுநர், காவலாளி, வீட்டு வேலை செய்பவர் என்று பலர் தெரியாமலேயே இயக்குநராக இருந்த செய்திகள் அப்போது வந்தன. தகுதியிழப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கு 2018இல் நிவாரணம் கிடைத்தது. விளக்கம் கேட்காமல் தகுதியிழக்கச் செய்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட வக்கீல் பிடித்தவர்கள், தாங்கள் இயக்குநர் என்று தெரிந்தவர்கள். தெரியாதவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

கம்பெனிக்கு மட்டும் அல்ல, ஜி.எஸ்.டி. பதிவிலும் இதே கதை. கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்தியைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

பதிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதில் ஏமாந்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், நம் தெருக்களில் விழுந்த அடி மட்டும் எழுந்திருக்க முடியாத அடி. ஆருத்ரா கோல்டு டிரேடிங் பிரைவேட் லிமிடெட் பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை அமைந்தகரையில் தலைமையிடம், ஆரணி செய்யாறு என்று வட மாவட்டமெங்கும் கிளைகள். 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சோதனைக்குப் போனபோதுதான் உள்விவகாரம் வெளியே வந்தது. போலீசார் சொன்ன கணக்குப்படி சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி வாங்கிய பணம். மகளிர் குழுவில் சேர்த்ததையும், மாட்டை விற்றதையும், மகளுக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்ததையும் கொண்டுபோய்க் கட்டினவர்களை எனக்குத் தெரியும். "எதை நம்பிம்மா கட்டினீங்க?" என்று கேட்டால் எல்லோரும் சொன்னது ஒரே பதில்தான்: "கவர்மெண்டுல ரிஜிஸ்டர் பண்ண கம்பெனிப்பா."

ரிஜிஸ்டர் பண்ணியது உண்மைதான். ஆனால் கம்பெனியாகப் பதிவாவது வேறு, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி பெறுவது வேறு. முதலாவது பதிவாளர் வேலை. இரண்டாவதுக்கு ரிசர்வ் வங்கியின் பதிவோ, சட்டம் விதிக்கும் வேறு நிபந்தனைகளோ வேண்டும். அப்படி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவதையே தடைசெய்து 2019இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாமான்யன் இந்த வேறுபாட்டை எங்கே போய்ப் படிப்பான்? 'லிமிடெட்' என்ற சொல்லைப் பார்த்து அதை உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் நேர் எதிர். பொறுப்புக்கு எல்லை உண்டு, கம்பெனி கவிழ்ந்தால் பங்குதாரர் போட்ட பங்குத் தொகையோடு அவர் கடமை முடிந்தது, கடனுக்காக அவர் வீட்டு வாசலுக்கு நீங்கள் சாதாரணமாகப் போக முடியாது என்று அது முன்கூட்டியே சொல்கிறது. பலகையில் எச்சரிக்கையை எழுதி மாட்டியிருக்கிறார்கள், நாம் அதைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். தம்பியிடம் முதலாளி சொன்ன அந்த வாக்கியம்: உங்க ஆளுங்களுக்கு மானியம் இருக்கு.

இருக்கிறது. ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டியதில், மொத்தக் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் கொள்முதல் ஆணை இருக்கிறது. அதில் பாதியைக்கூட எட்டாத ஆண்டுகள் பல. 2016இல் தேசிய எஸ்.சி., எஸ்.டி. மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்று ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. தமிழ்நாட்டில் 2023 முதல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. பெட்ரோல் பங்க் ஒதுக்கீட்டில் நமக்குத் தனிப் பங்கு பல வருடமாக உண்டு. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், போராடி வாங்கியவை.

யார் தலித் தொழில்முனைவோர் என்று அரசு எப்படி முடிவு செய்கிறது? தனிநபர் தொழில் என்றால் உரிமையாளர் பட்டியலினத்தவராக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனம் என்றாலும் பிரைவேட் லிமிடெட் என்றாலும் 51 சதவீதப் பங்கு பட்டியலினத்தவர் கையில் இருக்க வேண்டும். கையில் இருக்கிறதா என்று பார்ப்பது எதை வைத்து? காகிதத்தை வைத்து. அங்கேதான் தம்பியின் கையெழுத்துக்கு விலை வருகிறது, 5,000 ரூபாய் தீபாவளி விலை. பெட்ரோல் பங்க் வாசலில் உரிமையாளர் பெயர் நம் ஆள் பெயராக இருக்கும். கல்லாவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணெய் போடப் போகிற எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு வேறு ஊரில் கூலிக்குப் போய்க்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் போட முடியாதவனுக்கு ஒதுக்கீட்டை மட்டும் கொடுத்தால் அவன் அதை யாரிடமாவது விற்கத்தான் செய்வான்.

செங்கல்பட்டு மாவட்டம் என்று ஒன்றாக இருந்த காலத்தில் நம் மண்ணில் இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. நிபந்தனை கண்டிப்பானது. 10 வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம். ஆவணம் நம் பக்கம். நிலம் எந்தப் பக்கம் போனது என்பது ஊருக்கு ஊர் தெரியும். அதைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் காரணையை ஒட்டிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலத்துக்காவது வரப்பு இருந்தது. இது எங்கள் நிலம் என்று கொடி நட ஓர் இடம் இருந்தது. 51 சதவீதப் பங்குக்கு எங்கே போய்க் கொடி நடுவது? நிலத்தை ஆக்கிரமிப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. நம் பெயரைக் கடன் வாங்கி நம் ஒதுக்கீட்டை ஆக்கிரமிப்பதை அது அப்படிக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

பதிவாளரால் இதைத் தடுக்க முடியாதா? முடியும் என்பதுதான் என் வாதம், புதுச் சட்டம்கூட வேண்டாம். பங்கு ஒருவர் பெயரிலும் பலன் இன்னொருவரிடமும் இருந்தால், இருவருமே அதை எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 89. பின்னால் இருந்து 10 சதவீதத்துக்குக் குறையாத பலனையோ கட்டுப்பாட்டையோ வைத்திருப்பவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 90இன் கீழ் 2018இல் விதிகள் வந்தன. கம்பெனி உண்மையில் அந்த முகவரியில் இயங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் பார்க்கும்போது உள்ளூர்ச் சாட்சிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று 2022இல் விதியே எழுதிவிட்டார்கள். தம்பியின் தெருவுக்கு யாராவது வந்து, பம்படியில் தண்ணீர் பிடிக்கும் ஒரு பாட்டியிடம் "இங்கே இந்தக் கம்பெனி எங்கேம்மா?" என்று கேட்டிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விசாரணை.

இந்தப் பிரிவுகளெல்லாம் கறுப்புப் பணத்தையும் வெளிநாட்டு முதலீட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. பெரிய மீனுக்குப் போட்ட வலை. சாதியை மறைத்துக்கொண்டு ஒதுக்கீட்டைத் தின்னும் கெண்டைகள் அதன் கண்ணிக்குள் வருவதே இல்லை. 51 சதவீதம் தலித் பங்கு என்று காட்டிச் சலுகை கேட்கும் ஒவ்வொரு கம்பெனியிலும் இந்தப் பலன் உரிமையாளர் விவரத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். மானியம் தரும் மாவட்டத் தொழில் மையமும், கொள்முதல் செய்யும் நிறுவனமும், பதிவாளரும் ஒருவர் கோப்பை ஒருவர் பார்க்க வேண்டும். இன்று உத்யம் பதிவில் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை நாமே குறிப்பிட்டுக்கொள்கிறோம். கம்பெனிப் பதிவிலோ அந்தக் கேள்வியே இல்லை. 2012இல் ஆய்வாளர்கள் நாட்டின் முன்னணி 1,000 கம்பெனிகளின் இயக்குநர்களை ஆராய்ந்தபோது, குடும்பப் பெயரை வைத்துத்தான் சாதியைக் கணிக்க வேண்டியிருந்தது. தலித், பழங்குடி இயக்குநர்கள் 3.5 சதவீதம் என்று வந்தது. அரசின் கையில் அத்தனை லட்சம் இயக்குநர்களின் பிறந்த தேதி, முகவரி, செல்போன் எண் எல்லாம் இருக்கிறது. எண்ணிச் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. குறு சிறு தொழில்களில் பட்டியல் சாதியினர் வைத்திருப்பது 12.45 சதவீதம் என்று ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. அதிலும் எத்தனை பேர் பெயருக்கு உரிமையாளர்கள் என்று யார் சொல்வது?

'சாதியைக் கேட்டால் சாதி வளரும்' என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கேட்காமல் இருந்ததால் அது இளைத்ததாகத் தெரியவில்லை. அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டுப் பம்பாய் திரும்பிய புதிதில், பங்குச் சந்தை ஆலோசனை சொல்லும் ஒரு தொழில் தொடங்கினார். சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை, தொழிலை மூட வேண்டியதாயிற்று. எந்தப் படிவமும் அவரிடம் சாதியைக் கேட்கவில்லை, சந்தைக்குத் தெரிந்துதான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே கதை தலைகீழ். கம்பெனியில் நம் பெயர் மட்டும் இருக்கிறது, தொழில் இல்லை. தறியில் நம் தொழில் இருக்கிறது, பெயர் இல்லை. நெசவு என்றால் பிள்ளையார்பாளையம், நெசவுச் சாதிகள் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். கோலியர் என்ற நெசவுச் சமூகம் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது. சுற்றுக் கிராமங்களில் கூலிக்கு நெய்கிறவர்களில் நம் மக்கள் ஏராளம். கோர்வை போட இன்னொரு கை வேண்டும் என்று குழந்தைகளைத் தறியில் உட்கார வைத்த காலமும் வெகுதூரத்தில் இல்லை. பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. முன்பணம் வாங்கிய குடும்பங்களில் தலித்துகளே அதிகம் என்று அது சொன்னது.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாடு முழுமைக்குமான அந்தப் பதிவகம் இருப்பது வேறெங்கும் இல்லை, கிண்டியில். அந்தப் பதிவேட்டில் இரண்டு பகுதி. ஏ பகுதியில் குறியீட்டின் உரிமையாளர். பி பகுதியில் அதைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளர்கள். இரண்டாவது பகுதியில் பெயர் ஏற விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பத்து ரூபாய்! ஒரு டீயின் விலை. ஆனால் எங்கள் பக்கத்துக் கூலி நெசவாளர்களில் இதைக் கேள்விப்பட்ட ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். பாவும் சரிகையும் முதலாளியுடையது, நீ கூலிக்கு நெய்கிறவன், உனக்கு எதற்குப் பதிவு என்பதே பதிலாக வரும். தறியும் கையும் யாருடையது?

உத்யம் பதிவும் அப்படித்தான். 2020 ஜூலை முதல் இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதற்கு 500, 1,000 என்று வாங்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பதிவு இருந்தால், செய்து கொடுத்த வேலைக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், வராவிட்டால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொந்தத் தறியில் கூலிக்கு நெய்து கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் கடை வாசலில் நிற்கும் நெசவாளி இதைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் அடுத்த பாவு வராது என்ற பயம் எனக்குப் புரிகிறது. பத்துத் தறி சேர்ந்து பதிந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு பயனர் கணக்குத் தொடங்கினால், எந்தக் கம்பெனியின் அடிப்படை விவரத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். எந்த வருடம் பதிவானது, கடைசியாக எப்போது கணக்குத் தாக்கல் செய்தது, இயக்குநர்கள் யார் என்பது வரும். 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களையே திறந்து படிக்கலாம். நம் ஊரில் சீட்டு, தங்கத் திட்டம், மனைத் திட்டம் என்று யார் வந்தாலும் முதலில் அதைப் பாருங்கள். வைப்புத்தொகை வாங்குகிறார்களா, ரிசர்வ் வங்கிப் பட்டியலில் இருக்கிறார்களா என்று அடுத்ததாகப் பாருங்கள். பிறகு உங்கள் தெருவில் உள்ள அண்ணன் அக்காக்களின் பெயரைப் பாருங்கள். யாராவது அவர்களுக்கே தெரியாமல் இயக்குநராக இருக்கிறார்களா என்று. வீட்டில் வேலை செய்யும் இடத்து முதலாளி ஆதாரும் கரண்ட் பில்லும் கேட்டால், எதற்கு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஓ.டி.பி. சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்று அம்மாவிடமும் பாட்டியிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

தம்பி விஷயத்தில், பதிவாளருக்கு ஒரு பதில் எழுதினோம். தமிழில் நான் எழுதி, வக்கீல் தோழர் ஒருவர் ஆங்கிலமாக்கினார். இந்தக் கம்பெனியில் எனக்கு எந்தப் பலனும் இல்லை, லாபத்தில் ஒரு ரூபாயும் வந்ததில்லை, என் பெயரைப் பயன்படுத்தியவர் இன்னார், கடைசியில் இருப்பது என் அம்மா குடியிருக்கும் வீடு, வந்து பாருங்கள் என்று. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டாயிற்று. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மூன்றாவது முறை போனபோது ரசீது வாங்கினோம். முதலாளி தரப்பிலிருந்து ஒருவர் வந்து, "எதுக்குப்பா ஊர் வம்பு, பேசித் தீர்த்துக்கலாம்" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நைனா மசியவில்லை. அம்மா கரண்ட் பில் அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார், மீட்டர் படிக்க வருகிற ஆளிடம்கூடக் கொடுக்க யோசிக்கிறார். பதிவாளர் கொடுத்த கெடுவில் இன்னும் 11 நாள் இருக்கிறது.